பழைய தமிழ் நூல்களும் தென்னாட்டு வரைபடங்களும்: சேகரிக்க ஆசைப்படுகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கலைப்பொருள் கடையில், தேக்குச் சட்டம் போட்ட சோழமண்டலக் கரை வரைபடம் ஒன்றை நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். பழுப்பேறிய காகிதம், ஓரத்தில் கறை, மூலையில் 1753 என்று ஆண்டு. வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், கடலின் நீலம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். நாளிதழ்ப் படங்களில் தெரியுமே, அதே புள்ளிகள்தான். ஆஃப்செட்டில் அடித்து, டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதம்! கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. "பழைய மேப் சார்" என்றார், அவ்வளவுதான். 1753 என்பதை நானே படித்து, நானே நம்பி, நானே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்தப் படம் இன்னும் என் மேசைக்கு மேலே தொங்குகிறது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போவதில் முக்கால்வாசி அந்த நாலாயிரத்துக்குக் கற்றுக்கொண்டதுதான்: பணப்பையைத் திறப்பதற்கு முன்னால் காகிதத்தைப் படிக்க வேண்டும்.

முதல் படி: எதை விடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"பழைய புத்தகம் எல்லாம் சேர்க்கிறேன்" என்று கிளம்பியவர் வீட்டில் மூன்று வருடத்தில் கரையான்தான் சேரும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

சில விஷயங்கள் நம் கைக்கு வராது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கம். இன்று தெரிந்த ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில் அச்சான 1714-15 புதிய ஏற்பாடு, 1812-ல் சென்னையில் முதன்முதலாக அச்சேறிய திருக்குறள் மூலபாடம் இவையும் அப்படித்தான். நூலகத்தில் கும்பிட்டுவிட்டு வர வேண்டியவை.

கைக்கு எட்டுகிறவை வேறு. 1835-ல் சட்டம் மாறி, உள்ளூர்க்காரர்கள் தடையில்லாமல் அச்சுக்கூடம் வைக்க வழி பிறந்தது. அதற்குப் பிறகு தமிழ் அச்சு பெருகிக்கொண்டே போனது. 1870-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட புத்தகங்கள் இன்றைக்கும் எடைக்கு வருகின்றன. அதற்குள்ளும் ஒரு சந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே நூலின் எல்லாப் பதிப்புகளும் என்று வைத்துக்கொள்ளலாம், உ.வே.சாமிநாதையர் 1887-ல் வெளியிட்ட சீவகசிந்தாமணியைப் பின்னர் அவரே திருத்தித் திருத்தி மறுபடி பதிப்பித்தார், ஒவ்வொரு முகவுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு மனிதர் இருபது முப்பது வருடம் ஏட்டோடு போராடியது தெரியும். சி.வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புகள் மட்டும் தேடலாம். மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகம், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய அச்சுக்கூடம் என்று யாழ்ப்பாணப் பக்கம் போகலாம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின என்பதால் அந்தத் துறையில் ஒவ்வொரு பிரதிக்கும் கனம் அதிகம்.

எனக்குப் பிடித்தது மலிவான சந்து. சென்னை குஜிலிக் கடைத்தெருவிலிருந்து வந்த காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள், பெரிய எழுத்துக் கதைகள், பள்ளிக்கூட வாசகங்கள், சமையல், வைத்தியம், ரயில்வே கால அட்டவணை. அறிஞர்கள் வீட்டு அலமாரியில் இவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. படித்துக் கிழித்துப் போட்டார்கள். அதனால்தான் இன்று கம்பராமாயணத்தைவிட, கொலைச் செய்தியைப் பாட்டாக்கிய ஒரு கொலைச் சிந்து அரிது.

இந்தக் குப்பையின் மதிப்பை எல்லாருக்கும் முன்னால் கண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நோட்டீஸ், நாடக விளம்பரம், கல்யாணப் பத்திரிகை உட்பட ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி சேர்த்தார். 1992-ல் அவர் காலமானார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக வைத்தது.

வரைபடத்திலும் இதே கணக்கு. ஒரு கரை, ஒரு ஊர், ஒரு நூற்றாண்டு. "இந்தியா முழுவதும்" என்று போனால் பணமும் போகும், பார்வையும் கூர்மைப்படாது.

இரண்டாம் படி: ஆறு மாதம் வாங்காதீர்கள்

கஷ்டமான படி இதுதான். ஆறு மாதம் பார்க்க மட்டும் செய்யுங்கள். ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம், கன்னிமாரா, புதுக்கோட்டை ஞானாலயா, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் முடிந்ததற்குப் போய், 1880-ல் அச்சான புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். அதன் கனம், தாளின் சத்தம், எழுத்தின் அழுத்தம் ஆகியவை திரையில் வராது. முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளமும் இருக்கின்றன. வரைபடத்துக்கு இணையத்தில் டேவிட் ரம்சே தொகுப்பும் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளமும். இரண்டும் இலவசம், நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

எது எப்போது அச்சானது என்று பார்க்கப் பழைய பட்டியல்கள் உதவும். ஜான் மர்டாக் 1865-ல் தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டார். 1867 முதலான நூல்களுக்குத் தமிழக அரசே தொகுத்த 'தமிழ் நூல் விவர அட்டவணை' இருக்கிறது. ஒரு புத்தகம் இந்த அட்டவணையில் இல்லையென்றால் அது போலி என்று அர்த்தமில்லை. பல சிறு வெளியீடுகள் எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லை.

மூன்றாம் படி: புத்தகத்தின் வயதைப் படிப்பது

தலைப்புப் பக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதில் 1887 என்று நேராக இருக்காது. தமிழ் எண்ணில் ௲௮௱௮௰௭ என்று இருக்கும்: ஆயிரம், எட்டு நூறு, எட்டுப் பத்து, ஏழு. இந்த மூன்று குறிகள், ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰, கண்ணுக்குப் பழகிவிட வேண்டும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள்.

ஆங்கில ஆண்டே இல்லாமல் சாலிவாகன சகாப்தம் மட்டும் இருந்தால் 78 கூட்டுங்கள். கலியாண்டு என்றால் 3101 கழியுங்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கத்துப் புத்தகத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். 825 கூட்டினால் ஒரு வருடம் முன்பின்னாக வந்துவிடும். அரபு எழுத்தில் தமிழை அச்சிட்ட அரபுத் தமிழ் நூல்களில் ஹிஜ்ரி ஆண்டு.

தலைவலி கொடுப்பது அறுபது வருடச் சுற்று. என்னிடம் ஒரு நைடத உரை இருக்கிறது. முன்னால் நாலு தாள் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் 'விரோதி ௵' என்று மட்டும் இருக்கிறது. விரோதி 1889-ல் வந்தது, 1949-ல் வந்தது, 2009-லும் வந்தது. கடைசியை விட்டுவிடலாம். 1889-ஆ 1949-ஆ? அச்சிட்ட இடத்துக்கு 'முத்திராக்ஷரசாலை' என்று போட்டிருந்தது. 1949-ல் 'பிரஸ்' அல்லது 'அச்சகம்' என்று எழுதுவதுதான் பெருவழக்கு. வரிகளுக்கு நடுவே சொற்களைச் சந்தி பிரிக்காமல் ரயில்பெட்டி மாதிரி கோத்திருந்தார்கள். நாலு அடிக்கவிதையைக்கூட அடி பிரிக்காமல் உரைநடை போல ஓட்டியிருந்தார்கள். இதெல்லாம் 1889 பக்கம் சாய்கிறது, ஆனால் சத்தியம் செய்ய முடியாது. பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலில் ஒருவர் தன் பெயரையும் 1911 என்பதையும் எழுதியிருந்தார். வழக்கு முடிந்தது. ஆகவே பழைய உடைமையாளர் கையெழுத்தை ரப்பர் போட்டு அழிக்காதீர்கள், அது சாட்சி.

இருபதாம் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு விலையும் முகவரியுமே போதும். விலை 'நயா பைசா'வில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெறும் அணா என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 'சென்னை-4' என்று மட்டும் இருந்தால் பழசு. 'சென்னை-600 004' என்று ஆறு இலக்கம் வந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின்னால் அடித்தது, தலைப்புப் பக்கத்தில் முதற்பதிப்பு 1958 என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் சரி. லை, னை, றா போன்றவை இன்றைய வடிவில் இருந்தால் 1978 அரசாணைக்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரியார் 1935-லேயே தன் வெளியீடுகளில் புகுத்திவிட்டார் என்பதால் அவற்றை மட்டும் தனியாக வையுங்கள். மறுபுறம், பழைய வடிவம் இருப்பதாலேயே 1978-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. ஈய எழுத்து வைத்திருந்த சிற்றூர் அச்சகங்கள் எழுத்து தேயும்வரை பழசையே கோத்தன.

தாளையும் பாருங்கள். கந்தலிலிருந்து செய்த காகிதம் 1820-ல் அச்சடித்திருந்தாலும் வெள்ளையாக, துணி மாதிரி வளையும். மரக்கூழ்க் காகிதம் புழக்கத்துக்கு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து, காகிதத்திலேயே இருக்கும் அமிலம் அதைத் தின்கிறது. அதனால்தான் தாத்தாவின் புத்தகம் நன்றாயிருக்க, அப்பாவின் புத்தகம் அப்பளமாக நொறுங்குகிறது.

நான்காம் படி: முழுசா, குறையா

பக்க எண் வரிசையாக இருந்தால் முழுப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பதிப்புகளில் சிறப்புப் பாயிரம், முகவுரை, நூலாசிரியர் வரலாறு இவற்றுக்குத் தனி எண் வரிசை. கடைசியில் அரும்பத அகராதி, செய்யுள் முதற்குறிப்பு, பிழைதிருத்தம் இவற்றுக்கு இன்னொரு வரிசை. நடுவில் உள்ள நூல் முழுசாக இருக்கும், முன்னும் பின்னும் காணாமல் போயிருக்கும்.

நம்பகமான வழி பாரம் எண்ணுவது. பெரிய தாளில் 8 அல்லது 16 பக்கம் சேர்த்து அடித்து மடிப்பதுதான் ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் பொடியாக ஒரு எண் இருக்கும், பைண்டர் வரிசை மாறாமல் அடுக்குவதற்காக. அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு முறை ஏழாவது பாரம் இரண்டு தடவை இருந்து எட்டாவது இல்லாமல் இருந்தது. நூறு வருடமாக யாருமே அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

மேலட்டை முக்கியம். மெல்லிய வண்ணத்தாள் அட்டைகளை பைண்டர்கள் கிழித்து வீசிவிட்டுக் காலிக்கோத் துணி அட்டை போடுவது வழக்கம். அந்த அட்டையின் பின்புறம்தான் அச்சுக்கூடத்தின் மற்ற நூல்களும் விலையும் இருக்கும். அது தப்பியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: எங்கே, எப்படி வாங்குவது

சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. திருவல்லிக்கேணி நடைபாதையும் லஸ் முனையும் தனிக் கதை. மதுரைப் புதுமண்டபத்தில் முன்பு இருந்த புத்தகக் கடைகளை அறியாத பழைய ஆட்கள் கிடையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தூணும் எனாமல் பாத்திரமும் பார்க்கப் போகிறவர்கள், மூலையில் கிடக்கும் காகிதக் கட்டையும் ஒரு தடவை அவிழ்த்துப் பார்க்கலாம்.

ஆனால் நல்ல சரக்கு வருவது பழைய பேப்பர் கடை வழியாகத்தான். ஒரு தமிழாசிரியரோ வைத்தியரோ காலமாகி, வீட்டை விற்கும்போது அலமாரி மொத்தமாக எடைக்குப் போகும். உங்கள் பேட்டையில் இரண்டு பேப்பர்க் கடைக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். என் பக்கத்துக் கடைக்காரர் அண்ணாச்சியிடம் நான் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, அட்டை இல்லாத புஸ்தகமா இருந்தாலும் எனக்குக் காட்டாம மில்லுக்கு அனுப்பிடாதீங்க." அவர் கிலோக் கணக்கில் கேட்டால் நான் இரண்டு பங்கு கொடுப்பேன். அதிகம் கொடுத்தால்தான் அடுத்த கட்டும் நம் வாசலுக்கு வரும். அதோடு, நமக்கு மதிப்பு தெரிந்து அவருக்குத் தெரியாதபோது அடிமாட்டு விலை பேசுவது எனக்கு ஒப்புவதில்லை.

பேரம் பேசும்போது வேண்டிய புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு முகத்தை மலர்த்தாதீர்கள். நாலைந்தோடு சேர்த்துக் கேளுங்கள். இணைய ஏலத்தில் வாங்கினால் தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம், முதுகு, பூச்சி அரித்த இடம் நான்குக்கும் படம் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். படத்தில் ஒரு அளவுகோலையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மறுபதிப்புகள் பெரும்பாலும் அளவில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆறாம் படி: வரைபடத்தைப் படிப்பது

எனக்கு அடிபட்ட இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போல. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தில் செதுக்கி அடித்தார்கள். பிறகு முந்நூறு வருடம் செப்புத் தகடுதான். தகட்டில் கோடு கீறி, பள்ளத்தில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அதனால் மை காகிதத்துக்கு மேலே லேசாக மேடு தட்டியிருக்கும், கோடு முனையில் ஊசியாகக் கூர்ந்து முடியும். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். ஓரத்தை வெட்டியிருந்தால் பள்ளம் போயிருக்கும், அது தனிக் குறை. செப்புத் தகட்டுக் காலத்துப் படம் என்று விற்பதில் லென்ஸில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1750-களுக்கு முந்திய காகிதத்தில் ஈர்க்குச்சி அடுக்கினாற்போல நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகக் கோடுகளும் தெரியும். கம்பிச் சல்லடையில் கூழை அள்ளியதன் தடம் அது. பிற்காலத்துக் காகிதத்தில் நீர்க்குறி (வாட்டர்மார்க்) கிடைத்தால் அதிர்ஷ்டம். வாட்மன் என்ற ஆங்கிலக் காகிதத் தயாரிப்பாளர் பெயரோடு ஓர் ஆண்டும் சேர்ந்திருந்தால், படத்தில் என்ன ஆண்டு இருந்தாலும் அச்சானது காகிதத்து ஆண்டுக்கு முன்னால் இருக்க முடியாது.

பெரும்பாலான பழைய படங்கள் அட்லஸிலிருந்து வந்தவை. நடுவில் மடிப்பும், பின்னால் ஒட்டுத் துண்டின் தடமும் இருப்பது இயற்கை. ஓர்ட்டீலியஸ், பிளாவ் போன்றவர்களின் அட்லஸ் படங்களுக்குப் பின்புறம் லத்தீன், பிரெஞ்சு, டச்சு என்று ஏதாவது ஒரு மொழியில் விளக்கம் அச்சாகியிருக்கும். எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க அதுதான் சாவி. பச்சை வண்ணம் பூசியிருந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பச்சையில் செம்பு இருந்தது, அது காகிதத்தை மெல்ல எரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். பச்சை பளிச்சென்று இருந்து பின்பக்கம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தில் பூசியது.

இனி படத்துக்குள் வாருங்கள். ஆண்டு போடாத படத்துக்கு நாடே சாட்சி சொல்லும். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1. ரயில் பாதை இருந்தால் அதற்குப் பிந்தியது. ராமநாதபுரம் தனி மாவட்டமாக இருந்தால் 1910-க்குப் பின். மேட்டூரில் நீர்த்தேக்கம் இல்லையென்றால் 1934-க்கு முன். கன்னியாகுமரி திருவிதாங்கூர் வண்ணத்தில் இருந்தால் 1956-க்கு முன். இப்படி இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துக்கொண்டே வந்தால் பத்து வருட இடைவெளிக்குள் பிடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: செப்புத் தகடு விலை பிடித்த சாமான். ஒரு தகட்டை ஐம்பது வருடம் வைத்து அடித்தவர்கள் உண்டு; நடுவே பதிப்பாளர் பெயரைச் சுரண்டி மாற்றுவார்கள், ஒரு சாலையைச் சேர்ப்பார்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பிறகும் ஐரோப்பிய வரைபடங்களில் நரசிங்க ராஜ்யமும் பிஸ்நகரும் (விஜயநகரத்துக்கு ஐரோப்பியர் எழுதிய பெயர்கள்) ஜாம் ஜாமென்று ஆண்டுகொண்டிருந்தன. படம் காட்டும் காலம் வேறு, படம் அச்சான காலம் வேறு.

என்ன கிடைக்கும்? டச்சுப் பாதிரியார் பல்தேயஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய படங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தைத் தேடுகிறவருக்கு அங்கேதான் தொடக்கம். பிரெஞ்சு வரைபடக்காரர் பெல்லின் 1764-ல் ஐந்து தொகுதியாகக் கொண்டுவந்த சிறு கடல் அட்லஸில் மதராஸ், புதுச்சேரி நகரப் படங்கள் கைக்கு அடக்கமாக இருக்கும், புதியவருக்கு ஏற்ற அளவு. ஆங்கில நில அளவையாளர் ரென்னலின் இந்துஸ்தான் படம் 1782. லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைக்குப் பிறகு படங்களின் முகமே மாறியது. அதுவரை வளைந்து நெளிந்து கிடந்த உள்நாடு நேராக நிமிர்ந்தது. நான் புதியவர்களுக்குச் சொல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசி, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கப் படங்கள். 1893-ன் கான்ஸ்டபிள் கையடக்க அட்லஸ், 1909-ன் இம்பீரியல் கெசட்டியர் அட்லஸ் இரண்டிலும் பார்த்தலோமியூ வரைந்த மாகாணப் படங்களும் சென்னை நகரப் படமும் இருக்கின்றன. விலை அச்சமூட்டாது. உங்கள் தெரு இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கலாம்.

தனித் தாளாக விற்கும் படம் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டது என்பதை மறக்காதீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் பிரிந்ததற்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் முழு அட்லஸை வாங்கிப் பிரித்துத் தாள் தாளாக விற்கிறவர் இன்றும் இருக்கிறார். அவரிடம் நான் வாங்குவதில்லை.

ஏழாம் படி: சட்டம், திருட்டு

1972-ன் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 75 வருடம் கடந்தால் தொல்பொருள்தான். உரிமம் இல்லாமல் அவற்றில் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஓலைச்சுவடி யாராவது விற்க வந்தால், வாங்காமல் அவரை ஒரு சுவடி நூலகத்துக்குக் கைகாட்டுங்கள். அச்சுப் புத்தகத்தையோ படத்தையோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்புவதென்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை.

நூலக முத்திரை உள்ள புத்தகம் வந்தால் நிதானம். 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையும் சேர்ந்திருந்தால் சரி. இல்லையென்றால், முத்திரையைச் சுரண்டியிருந்தால், அந்த நூலகத்துக்கே ஒரு போன் போடுங்கள். 2005-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக பைனக்கி நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு சின்ன பிளேடை ஊழியர் பார்த்ததால்தான், பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைக் கிழித்துத் திருடியதாகப் பின்னால் ஒப்புக்கொண்ட ஒரு வியாபாரி மாட்டினார். அவரிடம் வாங்கியவர்களில் நம்மைப் போன்ற சேகரிப்பாளர்களும் உண்டு.

எட்டாம் படி: நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் 20 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்று சொல்லும். கடலோர ஊரில் வீட்டில் அது நடக்காது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைத்தால் காகிதம் சுருங்கிச் சுருங்கி விரியும், அது இன்னும் மோசம். காற்றோட்டம்தான் நம் மருந்து. வெளிச்சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இரும்பு அலமாரி, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம், அலமாரிக்கு உள்ளே நெருக்கித் திணிக்காத புத்தகம். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து மின்விசிறி.

பூச்சி இரண்டு வகை. மேலாகச் சுரண்டித் தின்னும் வெள்ளிப் பூச்சி ஒன்று, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அம்பு போலத் துளைக்கும் புழு ஒன்று. ராமபாணம் என்று இரண்டையும் சொல்பவர்கள் உண்டு. வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது புதிதாக வருவதை விரட்டுமே தவிர உள்ளே இருப்பதைக் கொல்லாது. அந்துருண்டை வாசனை மனுஷனுக்கும் ஆகாது. உள்ளே புழு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் குளிர்ப்பதனம்தான் வழி: புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் பனி வேர்த்துத் தாள் நனைந்துவிடும். தோல் அட்டை போட்டதையும் பழைய புகைப்படம் ஒட்டியதையும் உள்ளே வைக்காதீர்கள். புதிதாக வாங்கிய கட்டு எதுவும் ஒரு மாதம் தனி அறையில் இருந்த பிறகே என் அலமாரிக்குள் போகும்.

செலோ டேப் கூடாது, ஃபெவிகால் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. மூன்றையும் பிறகு பிரித்தெடுக்க முடியாது. கிழிசலை ஒட்ட மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும், அதையும் முதலில் பத்து குப்பைப் புத்தகத்தில் பழகிவிட்டு. வரைபடத்தை உருட்டாமல் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில் தட்டையாக வையுங்கள். மாட்டியே தீர வேண்டுமென்றால் கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடையில் அமிலமில்லா அட்டை, வெயில் படாத சுவர். நான் மாட்டியிருப்பது அந்த நாலாயிரம் ரூபாய்ப் போலியை மட்டும்தான். அதற்கு வெயில் பட்டால் எனக்குக் கவலையில்லை.

ஒன்பதாம் படி: நோட்டு

வாங்கிய அன்றே எழுதுங்கள், நாளைக்கு என்றால் நடக்காது. நூற்பெயர், பதிப்பாளர், அச்சுக்கூடம், ஆண்டு, அந்த ஆண்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எத்தனை பாரம், என்ன குறை, யாரிடம், என்ன விலை. புத்தகத்துக்குள் எழுதுவதானால் மென்மையான பென்சிலில் கடைசித் தாளில் ஒரு எண் மட்டும். தலைப்புப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து அதே எண்ணைக் கொடுங்கள். அரிய பிரதி என்று தோன்றினால் மின்னாக்கம் செய்யும் நூலகத்துக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்து வாங்கலாம். பிரதி உங்களிடமே இருக்கும், நூல் ஊருக்கெல்லாம் கிடைக்கும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு நூலகங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அதற்குக் கீழே என் மகளுக்கு ஒரு வரி: "பேப்பர்க் கடை அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் முதலில் இவர்களைக் கூப்பிடு."